குட்டியிலிருந்து கிழடு வரை: நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், கீழக்கரை என்று இந்தக் கரையோரத்தில் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், ஆள்தான் மாறுகிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. நாய் சுருண்டு படுத்துவிட்டால் இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது "நாய்க்கு என்ன வயசு?" என்பதுதான். சோறு தின்னவில்லை என்றால் ஐந்து மாதக் குட்டிக்கு அதன் காரணம் வேறு, ஒன்பது வயது நாய்க்கு வேறு. வயதைச் சொல்லாமல் அறிகுறியை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் தெரியும்.

நாய் மொத்தம் எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?

உருவத்தைப் பொறுத்தது. பாமரேனியன் போன்ற சிறிய நாய் 12 முதல் 16 வருஷம் வரை போகும். நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் ஒழுங்காகச் சோறும் ஊசியும் கிடைத்தால் 10 முதல் 14 வரை. லாப்ரடார் 10, 12 வருஷம். கிரேட் டேன் மாதிரி பிரம்மாண்டமான நாய் 7 முதல் 10 வருஷத்திலேயே முடிந்துவிடும். யானை எலியைவிட நீண்ட நாள் வாழ்கிறது, ஆனால் நாய்களுக்குள் பார்த்தால் கணக்கு தலைகீழ், பெரியது வேகமாக வளர்ந்து வேகமாகவே மூப்படைகிறது.

சாதனை என்று பார்த்தால் ஆஸ்திரேலியாவில் ப்ளூயி என்ற நாய் 1910 முதல் 1939 வரை, 29 வருஷம் 5 மாதம் இருந்தது. போர்ச்சுகலில் போபி என்ற நாய் 31 வயது வாழ்ந்ததாகச் செய்தி வந்ததே என்பார்கள், போதுமான ஆதாரம் இல்லை என்று 2024இல் கின்னஸ் அந்தப் பட்டத்தைத் திரும்ப எடுத்துவிட்டது. தெருவில் பிறப்பவற்றின் கதையோ வேறு. மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், ஏழு மாதத்தைத் தாண்டியவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் செத்தவை.

நாய்க்கு ஒரு வருஷம்னா நமக்கு ஏழு வருஷமாமே?

இல்லை. அந்தக் கணக்குப்படி ஒரு வயது நாய் ஏழு வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு வயதில் நாய் குட்டியே போட்டுவிடும். நடுத்தர நாய்க்கு முதல் வருஷம் மனிதக் கணக்கில் 15, இரண்டாவது வருஷம் முடியும்போது 24, அதற்குப் பிறகு வருஷத்துக்கு நாலைந்து என்று கூட்டிக்கொள்ளுங்கள், ஓரளவு சரியாக வரும். பெரிய நாய் என்றால் வருஷத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு கூட்ட வேண்டும்.

2020இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் லாப்ரடார்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் மாற்றங்களை மனிதர்களோடு ஒப்பிட்டு வேறொரு சூத்திரம் சொன்னார்கள். அதன்படி ஒரு வயது நாய் 31 வயது மனிதனுக்குச் சமம், நாலு வயது நாய்க்கு 53, பன்னிரண்டு வயது நாய்க்கு 70. எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். முதலில் ஓட்டமாக ஓடிவிட்டுப் பிறகு நிதானப்படும் வளர்ச்சி என்று புரிந்துகொண்டால் போதும்.

குட்டி பொறந்து பத்து நாளாச்சு, கண்ணே திறக்கல. குருடா இருக்குமோ?

பயப்பட வேண்டாம். எல்லா நாய்க்குட்டியும் கண் மூடி, காது அடைத்துத்தான் பிறக்கும். 10 முதல் 14 நாளில் கண் திறக்கும், திறந்த உடனே தெளிவாகவும் தெரியாது. காது மூன்றாவது வாரத்தை ஒட்டித் திறக்கும். கையால் இமையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். திறக்காத இமை வீங்கியிருந்தாலோ ஓரத்தில் சீழ் கசிந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த இரண்டு வாரமும் குட்டிக்குத் தெரிந்தது மோப்பமும் சூடும்தான். தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க அதற்குத் தெரியாது. வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் கடலோர ஓலைக் கொட்டகைக்குள் ஈரத்தரையில் கிடக்கும் குட்டி பசியால் சாவதற்கு முன்பே குளிரால் செத்துவிடும். சாக்கு விரித்து, காற்று வராத பக்கம் வையுங்கள். பிறந்த எடை எட்டு பத்து நாளில் இரண்டு மடங்காக வேண்டும், சமையலறைத் தராசிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பு முழுக்க வெள்ளையான இனங்களில் பிறவிச் செவிடு வருவது உண்டு. ஐந்தாறு வாரக் குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று, அது உங்களைப் பார்க்காத நேரத்தில் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குட்டியையும் தனியாகப் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும், கூட்டத்தில் இருந்தால் பக்கத்துக் குட்டி திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும்.

தாய் வண்டியில அடிபட்டுப் போச்சு. குட்டிகளுக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

ஒரு வேளை சமாளிக்கலாம், அதையே நம்பி வளர்க்க முடியாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தண்ணீர் கலந்த பசும்பாலை ஊற்றினால் வயிறு உப்பும், கழியும், எடை ஏறாது. செல்லப்பிராணிக் கடைகளில் நாய்க்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறார்கள், அதை வாங்குங்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து. குட்டியைக் குப்புறப் படுக்க வைத்துத்தான் ஊட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

பலர் மறப்பது இன்னொன்று. மூன்று வாரம் வரை குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். தாய் இல்லையென்றால் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அந்த இடத்தை நீங்கள் தடவிவிட வேண்டும்.

இருபத்தஞ்சு நாள் குட்டியைத் தூக்கிட்டு வந்துடலாமா? பெரிசானா நம்மகிட்ட ஒட்டாதாமே?

இது தப்பான நம்பிக்கை. குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க ஏழு எட்டு வாரம் ஆக வேண்டும். நாலாவது வாரத்திலிருந்து கரைத்த சோற்றை நக்க ஆரம்பிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வயதில் அது கற்றுக்கொண்டிருப்பது தின்பதை மட்டும் இல்லை. கூடப்பிறந்த குட்டியைக் கடித்தால் அது கத்தும், விளையாட்டு நின்றுவிடும், தாயும் ஒரு உறுமல் உறுமும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று நாய் படிப்பது இங்கேதான். சீக்கிரம் பிரித்த குட்டிகள் பெரிசானதும் விளையாட்டாகவே ரத்தம் வரக் கடிப்பதைப் பார்க்கலாம்.

ஒட்டுமா என்ற கவலையே வேண்டாம். மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை உலகத்தைப் பழகும் பருவம். இந்த நாட்களில் எதைப் பார்த்ததோ, எதைக் கேட்டதோ, அதெல்லாம் பயப்பட வேண்டாதவை என்று மனதில் பதிந்துவிடும். எட்டாவது வாரத்தில் வந்தாலும் இன்னும் ஒரு மாதம் உங்கள் கையில் இருக்கிறது.

பூச்சி மருந்து எப்போ, ஊசி எப்போ?

குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பம், ஏனென்றால் தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் புழு வந்துவிடும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வயிறு பானை மாதிரி, விலா எலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் அது கொழுத்த குட்டி இல்லை, புழு நிறைந்த குட்டி.

குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று என்று பதினாறு வாரம் வரை. ஒன்று போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், அது போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய்க்கான ஊசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதை ஒட்டிக் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துவது வழக்கம், விசாரித்து வையுங்கள்.

ஊசி முடியற வரை வெளியே விடாதீங்கன்னு டாக்டர் சொல்றார். நீங்க பன்னிரண்டு வாரத்துக்குள்ள பழக்குங்கன்னு சொல்றீங்க. எதைக் கேக்குறது?

இரண்டையும் கேட்கலாம். டாக்டர் சொல்வது குட்டியைத் தரையில் விடாதே, மற்ற நாய்களின் மலம் கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதே என்பதற்காக. பார்வோ கிருமி மலத்தில்தான் பரவும். கையில் தூக்கிக்கொண்டு போவதை யாரும் தடுக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு மீன் ஏலம் போடுகிற இடத்தின் சத்தத்தைக் கேட்க வையுங்கள், பஸ் ஸ்டாண்டில் ஹாரன் கேட்கட்டும், தொப்பி போட்டவர், புர்கா அணிந்தவர், தலையில் கூடை சுமப்பவர், சைக்கிள், குழந்தைகள் என்று எல்லாரையும் பார்க்கட்டும். ஊசி போட்ட நல்ல நாய் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

ஆறு மாதம் சங்கிலியில் கட்டி வைத்துவிட்டு "ஆளைக் கண்டா சீறுது" என்று வருகிறவர்களுக்கு என்னிடம் சுலபமான வழி எதுவும் இல்லை. மாற்றலாம், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ரெண்டு மாசக் குட்டி சும்மா பல்லால கீறிடுச்சு. குட்டிதானே, ஊசி வேணுமா?

வேணும். குட்டிக்கும் வெறிநோய் வரும், வெறிபிடித்த நாய் கடித்த எந்த வயதுக் குட்டியும் பரப்பும். அதிலும் ரெண்டு மாதக் குட்டிக்கு வெறிநோய் ஊசியே இன்னும் போட்டிருக்க மாட்டீர்கள். ரத்தம் வராத கீறல் என்றாலும் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று வரச் சொல்வார்கள், ரத்தம் வந்த காயத்துக்குக் கூடுதலாகக் காயத்தைச் சுற்றியும் மருந்து போடுவார்கள். நாயைப் பத்து நாள் கவனியுங்கள் என்பது உண்மைதான், ஆனால் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று அர்த்தம் இல்லை. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் மருத்துவத்தில் வழி கிடையாது.

அஞ்சு மாசம். செருப்பு, வலை, கயிறு எல்லாத்தையும் கடிக்குது, சோறும் சரியா தின்னல. பல் வேற விழுந்து கிடக்கு!

பல் முளைக்கிறது. பால்பற்கள் 28, அவை நாலாவது மாதத்திலிருந்து விழ ஆரம்பித்து ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். ஈறு நமைச்சலில் கிடைத்ததையெல்லாம் மெல்லும், இரண்டு நாள் சோற்றை ஒதுக்கும், தண்ணீர்த் தட்டில் லேசாக ரத்தம் தெரியும். ஈரத்துணியை முறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுங்கள். மீன் வலையையும் நைலான் கயிற்றையும் மட்டும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். நூலை விழுங்கினால் குடல் சுருண்டுவிடும், அறுவை சிகிச்சைதான். வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும்.

கோரைப்பல் பக்கத்தில் பழையதும் புதியதும் ஜோடியாக நின்றால் ஏழு மாதத்துக்குப் பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன இன நாய்களுக்கு இது அடிக்கடி வரும்.

நம்ம ஊர்ல மீனுக்கா பஞ்சம்? எந்த வயசுல இருந்து மீன் கொடுக்கலாம்?

ஆறு ஏழு வாரத்திலிருந்து, வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். உப்பு, மிளகாய், வெங்காயம் வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். அதாவது வீட்டு மீன்குழம்பு நாய்க்கு ஆகாது. கருவாடு அதைவிட மோசம், அத்தனையும் உப்பு. பச்சை மீனை வழக்கமாகப் போடுவதும் வேண்டாம், சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும்.

கரையில் விடும்போதுதான் கவனம். வலையிலிருந்து உதறிய பேத்தை மீன் மணலில் உப்பிக் கிடக்கும், குட்டிக்கு அது பந்து. அதன் ஈரல், சினை, தோலில் உள்ள விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் போகாது. கடித்த நாய் எச்சில் வடித்து, தள்ளாடி, கால் விழுந்து, கடைசியில் மூச்சு நின்றுபோகும். திருக்கை வால் முள், கெளுத்தி முள், அறுந்து கிடக்கும் தூண்டில் முள் இவையும் உண்டு. அலையில் விளையாடவிட்டால் வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும், நிறையக் குடித்துவிட்டால் வலிப்பு வரை போகும். நடுத்தர வயது நாய் அனுபவத்தில் பேத்தையை முகர்ந்துவிட்டுப் போய்விடலாம், குட்டியும் வாலிப நாயும் அப்படி இல்லை.

வெறும் சோறும் மீன் சாறுமாக வளர்ந்த குட்டிகளுக்குக் கால் வளைவது நம் பக்கத்தில் சகஜமாகக் காணும் காட்சி. முட்டை, கோழி, கொஞ்சம் காய், முடிந்தால் குட்டிக்கென்று விற்கும் தீவனம் சேருங்கள்.

ராஜபாளையம், மண்டை நாய் எல்லாம் எப்போ முழுசா வளரும்? கால்சியம் டானிக் கொடுக்கணுமா?

உயரம் ஒரு வயதுக்குள் கிட்டத்தட்ட வந்துவிடும், நெஞ்சும் தசையும் நிரம்ப ஒன்றரை, இரண்டு வருஷம். நம் ராமநாதபுரம் மாவட்டப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் மண்டை நாய்க்குத் தலையும் தோளும் கடைசியில்தான் நிரம்பும், பத்து மாதத்தில் பார்த்து "ஏமாத்திட்டாங்க" என்று முடிவு கட்ட வேண்டாம்.

நல்ல குட்டித் தீவனம் தின்னும் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியத்தைத் தனியாக ஊற்றினால் எலும்பு கோணலாகத்தான் வளரும். மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும் கொடுங்கள். ஒரு வயது வரை பைக் பின்னால் ஓடவைப்பதும் வேண்டாம், எலும்பின் வளரும் நுனிகள் இன்னும் மூடியிருக்காது.

எட்டு மாசமாச்சு, கூப்பிட்டா வந்துக்கிட்டிருந்த நாய் இப்ப திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது. மறந்துடுச்சா?

மறக்கவில்லை, வயதுக்கு வந்துவிட்டது. நாய்க்கு வேலையில்லை நிற்க நேரமில்லை என்று நம்மவர்கள் சொன்னது இந்த வயது நாயைப் பார்த்துத்தான் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இந்தக் கூத்து. 2020இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த நாய்களே எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் உட்கார மறுத்தன, வேற்று ஆள் சொன்னால் கேட்டன. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடிக்காதீர்கள். பழைய பாடத்தையே சின்ன சின்னதாகத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள், கயிறு இல்லாமல் ரோட்டில் விடாதீர்கள். நாய் வேண்டாம் என்று கொண்டுபோய் கடற்கரையில் இறக்கிவிட்டு வருவது பெரும்பாலும் இந்த வயதில்தான் நடக்கிறது. இன்னும் ஆறேழு மாதம் பொறுத்திருந்தால் நல்ல நாயாகியிருக்கும்.

பொட்டை நாய்க்கு ரத்தம் வருது. ஒரு தடவை குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாமே?

அப்படி எந்த நன்மையும் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் பருவம் வரும், பெரிய இனத்துக்கு இன்னும் தாமதமாகலாம். மொத்தம் மூன்று வாரம், கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முதல் ஒன்பது பத்து நாள் ரத்தம் வரும், அப்போது ஆண் நாயைக் கிட்டே விடாது. ரத்தம் வெளுத்துக் குறைந்த பிறகுதான் சேரும் நாட்கள். "ரத்தம் நின்னுடுச்சு, இனி பயமில்லை" என்று அவிழ்த்துவிடுவது அந்த நாட்களில்தான், 63 நாள் கழித்து வீட்டில் ஆறு குட்டி இருக்கும். சேர்ந்த நாய்கள் பிரிய முடியாமல் கால்மணி, அரைமணி நிற்பது இயற்கை. கல்லெறிவதும் வெந்நீர் ஊற்றுவதும் இரண்டுக்கும் காயத்தைத்தான் உண்டாக்கும்.

குட்டி வேண்டாமென்றால் கருத்தடை செய்துவிடுங்கள். முதல் இரண்டு பருவத்துக்குள் செய்தால் மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பெரிய இனமென்றால் வளர்ச்சி முடியட்டும் என்று மருத்துவர் தள்ளிப்போடலாம், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தா துறைமுகத்து நாய்ங்க ஊருக்குள்ள வந்து ஏன் இப்படி அலையுது?

பசியும் வயதும் சேர்ந்துகொள்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சங்காயம் என்கிற கழிவு மீன் குவியாது, ஏலக்கூடத்தில் கழிவு இருக்காது, நாட்டுப்படகு கொண்டுவருவது கொஞ்சம். தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிக் குட்டி போடுகின்றன. கார்த்திகை மார்கழியில் பிறந்தது சித்திரையில் நாலைந்து மாதக் குட்டி, தாய் பால் மறந்தாயிற்று, பல் முளைக்கிறது, வேகமாக வளரும் உடம்பு, தின்ன எதுவும் இல்லை.

துரத்திக் கல்லெறிந்தால் கடிக்க வரும். ஒரே இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்தில், ஒரே நேரத்தில் சோறும் தண்ணீரும் வைத்தால் கூட்டம் அடங்கும். காது நுனியில் வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து வெறிநோய் ஊசியும் போட்ட நாய் என்று அடையாளம்.

தெருவுல எடுத்த நாய்க்கு வயசு எப்படித் தெரியும்?

ஏழு மாதத்துக்குள் என்றால் பல்லைப் பார்த்துச் சரியாகச் சொல்லலாம், மேலே பல் பற்றிச் சொன்ன கணக்குதான். அதற்குப் பிறகு உத்தேசம்தான். முன்பற்களில் சின்னச் சின்ன மூன்று மேடு இருக்கும், வயது ஏற ஏற அது தேயும். எலும்பும் கல்லும் கடிக்கிற நாய்க்கு மூன்று வயதிலேயே தேய்ந்திருக்கும். வாயோரம் நரைப்பதையும் முழுக்க நம்ப முடியாது, சில நாய்க்கு நாலு வயதில் நரைத்துவிடும்.

என் நாய்க்கு எட்டு வயசு, கண்ணுல நீலம் தட்டுது. கண்புரையா?

எப்போதும் அப்படி இல்லை. ஆறேழு வயதுக்கு மேல் கண்ணுக்குள் வில்லை இறுகி நீலச் சாம்பலாகத் தெரியும், பார்வை பெரிதாகக் கெடாது. புரை என்றால் வெள்ளையாக, ஒளி உள்ளே போகாத மாதிரி இருக்கும், நாய் முட்டிக்கொள்ளும். திடீரென்று வெளுத்தாலோ, தண்ணீரும் நிறையக் குடித்தாலோ சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலும் கண்ணைப் பாதிக்கும்.

கிழப்பருவம் எப்போது என்று கேட்டால், ஆயுளின் கடைசிக் கால்பங்கு. கிரேட் டேனுக்கு ஆறு வயதில், நாட்டு நாய்க்கு ஒன்பது பத்தில். இந்த வயதில் வருஷம் இருமுறை மருத்துவரிடம் காட்டி எடை, பல், இதயம், ரத்தம் பார்த்துவிடுங்கள். ஐந்து மாதத்தில் சோற்றை ஒதுக்கினால் பல் முளைக்கிறது என்றேன். ஒன்பது வயதில் ஒதுக்கினால் பல் சொத்தையோ சிறுநீரகமோ. பழைய நினைப்பில் "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டுவிடக் கூடாது.

வயசான பொட்டை நாய் குடம் குடமா தண்ணி குடிக்குது. வெயில் தாங்கலையா?

கருத்தடை செய்யாத நாயா? கடைசியாகப் பருவம் வந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கிறதா? அப்படியென்றால் இன்றைக்கே போங்கள். கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது இந்த வயதில் அடிக்கடி வரும். சீழ் வெளியே வடிந்தால் கண்டுபிடித்துவிடலாம், வடியாமல் உள்ளேயே தேங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். சித்திரை வெயிலில் எல்லா நாயும் கூடத்தான் குடிக்கும், ஆனால் வெயில் தணிந்த ராத்திரியிலும் குடித்துக்கொண்டே இருந்தால் அது வெயில் இல்லை.

எழுந்திருக்க முடியாம தவிக்குது. நம்ம வலி மாத்திரையில பாதி கொடுக்கட்டுமா?

கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் நாமாகக் கொடுக்கக் கூடாது. மூட்டுத் தேய்மானத்துக்கு நாய்க்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் எடை பார்த்து எழுதுவார்.

வீட்டில் செய்யக்கூடியது: எடையைக் குறையுங்கள், டைல்ஸ் தரையில் சாக்கு விரியுங்கள், சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், காலையிலும் சாயங்காலமும் மணல் சூடு இல்லாத நேரத்தில் கொஞ்ச தூரம் நடக்கவிடுங்கள். திடீரென்று நொண்டினால் முதலில் பாதத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் பாதி நொண்டலுக்குக் காரணம் மூப்பு இல்லை, சீமைக்கருவேல முள்.

பதிமூணு வயசு. ராத்திரியெல்லாம் ஊளையிடுது, மூலையில நின்னு சுவத்தப் பாக்குது. ஏதாவது காத்துக் கருப்பா?

மூளைக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். மனிதர்களுக்கு மறதி நோய் வருவது போல நாய்க்கும் வரும். பகலில் தூங்கி இரவில் நடக்கும், பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் நிற்கும், பயிற்சி மறந்து வீட்டுக்குள் மூத்திரம் போகும். காது கேட்காததாலும் கத்தும், தன் சத்தம் அதற்கே கேட்காது. வலியும் ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் மேலே சொன்ன மூட்டுச் சமாச்சாரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கட்டில் மேசையை இடம் மாற்றாதீர்கள், படுக்கும் முன் வெளியே கூட்டிப்போங்கள். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் பயந்து கடித்துவிடும், தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வு தெரியும்.

கருணைக்கொலைக்குச் சொல்றாங்க. எப்போ சரின்னு எப்படித் தெரியும்? எங்க புதைக்கிறது?

தானாகத் தின்கிறதா, எழுந்து வெளிக்குப் போகிறதா, உங்களைப் பார்த்தால் வாலாவது அசைகிறதா, மருந்து கொடுத்த பிறகும் வலியில் முனகுகிறதா. ஒரு காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வாருங்கள். கெட்ட நாள் கூடிவிட்டால் மருத்துவரிடம் பேசலாம். மயக்க மருந்து கூடுதலாகக் கொடுத்துச் செய்வது, தூங்குவது போலத்தான் நடக்கும். வீட்டில் தெரிந்தவர் சொன்ன பூச்சிமருந்தை வைப்பது கொடுமை, சட்டப்படி குற்றமும்கூட.

கடலில் போடாதீர்கள், அடுத்த அலையில் கரைக்கு வரும். கிணறு, ஊற்று, ஊருணியிலிருந்து தள்ளிப் புதையுங்கள். கரையோர மணல் சரியும், மற்ற நாய்கள் தோண்டும், அதனால் நாலடியாவது ஆழம் வேண்டும், மேலே கல் அடுக்குங்கள்.

பழைய நாய் போனதும் அதே கூண்டு, அதே தட்டுல புதுக் குட்டியை விடலாமா?

மூப்பில் போயிருந்தால் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து விடலாம், உண்ணி ஒளிந்திருக்கும் சுவர் இடுக்கை மட்டும் மருந்தடித்துச் சுத்தம் செய்யுங்கள். பார்வோவில் போயிருந்தால் வேறு கதை. அந்தக் கிருமி நிழலான மண்ணில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது. கடையில் விற்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கு போகக் கழுவிய சிமெண்டுத் தரையிலும் தட்டிலும் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் முற்றத்தை இப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை. அந்த வீட்டுக்கு ஊசி எல்லாம் போட்டு முடித்த, பதினாறு வாரம் தாண்டிய நாயாகப் பார்த்து எடுங்கள்.